மூன்றாவது ரிப்பன்

தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டின் பூக்கடைகளுக்குப் பின்னால் திரும்புகிற சந்தில் பாலனின் டி.வி. ரிப்பேர் கடை இருந்தது. ஆட்டோவில் டி.வி.யைக் கொண்டுவந்து இறக்குகிறவர்கள் அநேகமாக ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: "சத்தம் வருது, படம் வரல." பாலன் கரண்ட் கொடுத்துவிட்டு, கருப்பாகக் கிடக்கும் திரைமேல் டார்ச்சைச் சாய்த்து அடிப்பான். இருட்டுக்குள் செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் ஆவி மாதிரி மங்கலாகத் தெரியும். "படம் இருக்கு. பின்னாடி எரியற விளக்குதான் செத்துப்போச்சு. பேக்லைட் மாத்தணும்" என்பான். அதுவரைக்கும் கேட்டுக்கொண்டு நிற்பவர்கள், அதற்கப்புறம் அவன் தோளைத் தாண்டிக் கடைக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

"அக்கா இல்லீங்களா?"

அக்கா என்பது கனகா. பாலனின் மனைவி. உள்ளே, கம்பளி விரித்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள்.

ஹனூருக்கு வடக்கே ஒரு கிராமத்தில் சோளமும் ராகியும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள் கனகா. பன்னிரண்டாவது முடித்த கையோடு மைசூருக்கு வெளியே ஒரு டி.வி. தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி போட்டு, கண் மட்டும் தெரிய நின்று, விளக்குப் பட்டைகளுக்கு மேல் வெள்ளைத் தாள்களை அடுக்கி, அதன்மேல் கண்ணாடிப் பேனலை இறக்கி வைப்பது அவள் வேலை. ஆறு வருஷம் அதைச் செய்தாள். ஆறு வருஷத்தில் அவள் கையில் உடைந்தது இரண்டே கண்ணாடி. அதில் ஒன்று பக்கத்தில் நின்றவள் தும்மியதால். பிறகு கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. அதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகி, சுசித்ரா வயிற்றில் இருந்தாள்.

பாலன் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன். அப்பா கட்டட வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். போர்டு வேலையில் பாலனை மிஞ்ச அந்தச் சுற்று வட்டாரத்தில் ஆளில்லை. எரிந்துபோன சர்க்யூட்டை மோந்து பார்த்தே எந்த இடம் என்று சொல்வான். ஆனால் பேனல் என்றால் அவனுக்கு ஆகாது. பேக்லைட் மாற்றுவதில் மின்சார வேலை கொஞ்சம்தான். கண்ணாடியைத் தூக்கித் திரும்ப வைப்பதுதான் வேலை. ஒன்றரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத, ஆள் நீளக் கண்ணாடி. அதன் கீழ் விளிம்பில் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய ரிப்பன்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். படம் முழுக்க அந்த ரிப்பன்கள் வழியாகத்தான் கண்ணாடிக்குப் போகிறது. ஒன்று கிழிந்தால் போதும், திரையில் மேலிருந்து கீழ்வரை உள்ளங்கை அகலத்துக்குக் கருப்புப் பட்டை விழுந்துவிடும். அதை ஒட்ட முடியாது. புதுப் பேனல் போடுவதும் புது டி.வி. வாங்குவதும் ஒன்றுதான். பாலன் அவசரக்காரன். ஒரே மாதத்தில் மூன்றாவது பேனலை உடைத்த அன்றைக்கு, சாப்பாடு கொண்டுவந்திருந்த கனகா, குழந்தையைக் கீழே உட்காரவைத்துவிட்டு, "நகருங்க, நான் பாக்கறனுங்க" என்றாள்.

நகர்ந்தான். அப்படித்தான் ஆரம்பித்தது.

பதினொரு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. அவள் கண்ணாடியை எடுத்துச் சுவரோரம் சாய்ப்பாள், செத்த விளக்குப் பட்டைகளைப் பிய்த்துப் புதிதை ஒட்டுவாள். அவன் போர்டில் கரண்டைக் கொஞ்சம் குறைத்து வைப்பான், விளக்கு நெடுநாள் வரட்டும் என்று. அவள் மூடுவாள். மூன்று ஊர் தள்ளியிருந்தெல்லாம் டி.வி. வந்தது. பலகையில் பாலனின் பேர்தான். கனகா அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். அதன் மேனேஜர் சித்தையன் கொள்ளேகால் பக்கத்துத் தமிழர். லாட்ஜில் எல்லா அறைக்கும் ஒரே நாளில் வாங்கிய டி.வி.க்கள், ஒரே வருஷத்தில் ஒவ்வொன்றாக இருண்டுகொண்டு வந்தன. தசராவுக்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்று முதலில் ஐந்தைக் கொண்டுவந்து இறக்கினார். கனகாவின் பேச்சைக் கேட்டதும், "நீ நம்மூர்ப் பக்கமா அம்மணி? ஹனூரா?" என்று முகம் மலர்ந்தார். இரண்டு பேரும் ஊர்ப் பேச்சில் கொஞ்ச நேரம் பேசினார்கள். பாலன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முதல் டி.வி.யின் பின்மூடியில் வைத்தான். சித்தையன் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ வேண்டாம்ப்பா. நீ பில்லப் போடு. அம்மணி பண்ணட்டும்."

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பாலனும் சிரித்தான். ஸ்க்ரூ டிரைவரைக் கனகாவின் கையில் கொடுத்துவிட்டு, பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

இரண்டு நாளில் ஐந்தும் முடிந்தன. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஐந்தையும் சுவரோரம் வரிசையாக வைத்து ஓடவிட்டாள் கனகா. ஐந்திலும் ஒரே பாட்டு, ஒரே வெளிச்சம், ஒரு புள்ளி குறையில்லை. அன்றைக்கு சுசித்ராவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். "நீங்க வர்றீங்களா?" என்று கேட்டாள். "நீயே போய்ட்டு வா. கடையில யாராவது இருக்கணுமில்ல" என்றான் பாலன். டீச்சரிடம் சுசித்ராவைப் பற்றி நல்ல வார்த்தை கேட்டு, மனசு நிறைந்து, மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தாள்.

நாலு மணிக்குச் சித்தையன் வேனோடு வந்தார். முதல் டி.வி.யைப் போட்டார்கள். சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில், நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, மேலிருந்து கீழ்வரை கருப்புப் பட்டை. நாலாவது சரி. ஐந்தாவதில் மறுபடி பட்டை, அதே இடத்தில்.

"மத்தியானம் பளிச்சுனு ஓடுச்சுங்க!" என்றாள். "நானே பார்த்தனுங்க. ஏனுங்க, நீங்களும்தானே பார்த்தீங்க?"

"ஓடுச்சு" என்றான் பாலன். "ரிப்பன் ஓரத்துல லேசாக் கிழிஞ்சிருக்கும். சூடானதும் விட்டுப்போச்சு. அப்படி ஆகறதுதான்."

சித்தையன் பாலனைப் பார்த்தார். "இதுல யாரு கை வெச்சது?"

"நான் வெக்கலீங்க. வேண்டாம்னு நீங்கதான சொன்னீங்க."

திறந்து பார்க்கிறேன் என்று கனகா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். பாலன் அதை வாங்கிக்கொண்டான். "சும்மா இரு. இன்னொண்ணும் போயிடும்." அவனே திறந்தான், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "மூணாவது ரிப்பன். ரெண்டுலயும். தூக்கறப்ப இழுத்திருக்க."

சித்தையன் மூன்று டி.வி.யை எடுத்துப் போனார். மீதி வேலையைக் கொடுக்கவில்லை. கெட்டுப்போன இரண்டுக்குப் பதில் புது டி.வி. வாங்கித் தரவேண்டி வந்தது. கனகாவின் கைவளையல்கள் அதற்குப் போயின. கெட்ட பேனல்களைப் பாலன் கோணியில் சுற்றிப் பரணில் ஏற்றினான். அவளுக்கு அவற்றைப் பார்க்கவே மனம் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தான். பூக்கடைக்குப் பின்னாலேயே பதினொரு வருஷம் கடை வைத்திருந்தவன் அதுவரை ஒருநாள்கூட வாங்கித் தந்ததில்லை. "விடு கனகா. எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றான். அவள் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். எவ்வளவு நல்ல மனுசன், ஒரு வார்த்தை திட்டவில்லையே என்று நினைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு சின்ன டி.வி. வந்தது, இரண்டடி அகலம்தான். கண்ணாடியைப் பாதி தூக்கும்போது அவள் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. ரிப்பன்கள் கூடவே துடித்தன. அப்படியே இறக்கி வைத்துவிட்டாள். மறுநாளும் அப்படித்தான். பத்து நாளைக்குள் அவள் மேசைப் பக்கம் போவதே நின்றுவிட்டது. டார்ச் பிடித்தாள், திரை துடைத்தாள், டீ வாங்கி வந்தாள். பேனல் வேலைகளைப் பாலன் பாதியை வேறு கடைக்கு அனுப்பினான். பாதியைத் தானே செய்யப் பழகினான், சிலதை உடைத்தான், சிலது பிழைத்தது.

"அக்கா இல்லீங்களா?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அவனிடம் ஒரு கதை இருந்தது. "இருக்கா, இருக்கா. ஆனா அவ கை பட்டா டி.வி.ல கம்பி போடுது சார்! லாட்ஜ்காரன் கேட்டான், என்னம்மா இது, ஜன்னலுக்கா சொன்னேன், டி.வி.க்குத்தானே சொன்னேன்னு." வந்தவர்கள் சிரிப்பார்கள். கனகாவும் சிரிப்பாள். கொஞ்ச நாளில் கதை வீட்டுக்கும் வந்தது. ஒருநாள் மேசையிலிருந்த சுசித்ராவின் போனைக் கனகா எடுத்துத் தரப் போனபோது, அவள் "அம்மா, முட்டபேடா, தொடாதே! நீ தொட்டா அதுவும் போயிடும்" என்று பிடுங்கிக்கொண்டாள். பதிமூன்று வயசு. அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

உகாதிக்கு முன்னால் கடையைச் சுத்தம் செய்தார்கள். பழைய போர்டும் பேனலும் வாங்குகிற கெம்பையன் தள்ளுவண்டியோடு வந்தான். பாலன் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போயிருந்தான். பரணிலிருந்து கோணியைக் கனகாதான் இறக்கிக் கொடுத்தாள். கெம்பையன் சந்தில் வெயிலில் வைத்துப் பிரித்தான். நல்ல ரிப்பன் இருந்தால் தனியே எடுத்து வைப்பது அவன் வழக்கம். இரண்டு கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"இதை யாருக்கா அறுத்தது?"

"அறுக்கலப்பா. தூக்கறப்பக் கிழிஞ்சது."

"கிழிஞ்சா இப்படி இருக்காதுக்கா. நான் தெனம் நூறு பாக்கறேன். கிழிஞ்சா ஓரம் சுருங்கும், பசையோட பிஞ்சு வரும். இது பிளேடு."

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய் லென்ஸ் விளக்கை எடுத்துவந்து பார்த்தாள். மூன்றாவது ரிப்பன். கண்ணாடியில் ஒட்டின இடம் அலுங்காமல் இருந்தது. நடுவில், பாதி அகலத்துக்கு, அடிக்கோல் வைத்த மாதிரி நேராக ஒரு கீறல். மற்றதிலும் அதே ரிப்பன், அதே உயரம், அதே நீளம். அவள் ஆறு வருஷம் தொழிற்சாலையில் பார்த்தவள். அன்றைக்கு ஒரு நொடி பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

"இது ரெண்டும் இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பாலன் டிபன் கேரியரைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் முன்னால் இரண்டையும் வைத்தாள். அவன் பார்த்தான். ஒரு கவளத்தை மென்று விழுங்கினான்.

"இப்பத்தான் பாக்கறயா?"

"ஏனுங்க... நீங்களா?"

"ஆமா."

மறுக்கவாவது மறுப்பான் என்று நினைத்திருந்தாள். "எதுக்குங்க?" என்றாள்.

"என் கடையில, என் பேரு போட்ட பலகைக்குக் கீழ நின்னுக்கிட்டு, என் கையப் புடிச்சு, நீ பில்லப் போடுன்னான். நீ பக்கத்துல நின்னு பல்லக் காட்டிட்டு இருந்த."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஒதுங்கியிருப்பனுங்களே! நானாவே ஊட்டுல உக்காந்திருப்பனே!"

"ஒதுங்குவ. ஆனா கை அப்படியே இருக்குமில்ல? நாளைக்கு எவனாவது வந்து அக்கா எங்கேன்னா திரும்பி வந்து நிப்ப." அவன் சோற்றைப் பிசைந்தான். "இப்பப் பாரு. யாரும் தடுக்கல. போ, போய் ஒரு பேனலத் தூக்கு."

அவன் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான். "மோர் ஊத்து."

ஊற்றினாள். அதை நினைத்துத்தான் பின்னாளில் அவளுக்கு வயிறு எரியும். வளையலை நினைத்து இல்லை, எட்டு மாசம் சிரித்ததை நினைத்து இல்லை. சிந்தாமல் மோர் ஊற்றியதை நினைத்து.

மறுநாள் காலை இரண்டு பேனல்களையும் துணியில் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்து லாட்ஜுக்குப் போனாள். சித்தையன் ரிசப்ஷனில் இருந்தார். கீறலைக் காட்டிச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"உன் மேல தப்பில்லைன்னா எனக்குச் சந்தோசம்தான் அம்மணி. ஆனா இப்ப என்ன பண்ணச் சொல்ற? அந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. முதலாளிகிட்டப் போய், புருசன் பொண்டாட்டி சண்டையில டி.வி. போச்சுன்னு சொன்னா என்னையத்தான பாத்துச் சிரிப்பாரு?"

"வேலை வேண்டாமுங்க. நான் ஒடைக்கலைன்னு உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

"தெரிஞ்சுது. ஊட்டுக்குப் போ. ஆம்பளைக்கு ரோசம் இருக்கத்தான் செய்யும். பெருசு பண்ணாதே."

அவள் கடைக்குத் திரும்பி வருவதற்குள் அவர் பாலனுக்குப் போன் போட்டுவிட்டார். இரண்டு பேரையும் சேர்த்துவைக்கிற நல்லெண்ணத்தில்தான். பாலன் அவளை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. சாயங்காலம் சுசித்ரா பள்ளி விட்டு வந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உங்கம்மா லாட்ஜ் லாட்ஜாப் போய் உங்கப்பன் மானத்த வித்துட்டு வர்றா" என்றான். அந்த வயசுப் பெண்ணுக்கு லாட்ஜ் என்ற சொல் போதுமானதாக இருந்தது. அதற்குப்பின் அம்மா தட்டில் போட்ட சாப்பாட்டை அவள் தொடவில்லை, தானே போட்டுக்கொண்டாள். கனகா ஹனூரிலிருந்த அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாள். "கையக் காலயா வெட்டிப்போட்டான்? ஒரு ரிப்பன்தானே கண்ணு. அனுசரிச்சுப் போ" என்றான் அவன்.

அவள் அனுசரித்தாள். கடைக்குப் போனாள், டார்ச் பிடித்தாள். கதை சொல்லி அவன் சிரிக்கிறபோது இப்போது அவள் சிரிக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அவளுக்குள் ஒன்று மாறியிருந்தது. அவன் பேனலைத் தூக்கும்போதெல்லாம் அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். உடையாதா என்று பார்ப்பாள்.

ஆனி மாதம் மாதேவி என்ற பெண் பெரிய டி.வி. ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒரு காலேஜில் பெருக்கித் துடைக்கிற வேலை. அவள் புருசனுக்குக் கல் உடைக்கிற ஆலையில் இருந்து இருந்து இரண்டு காதும் போய்விட்டன. "சத்தம் மட்டும் வருதுங்க" என்றாள். "காது கேக்காத மனுசனுக்குச் சத்தத்த வெச்சு என்ன பண்ணுவேன்? ரெண்டு நாளா கருப்புத் திரையப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்காரு. வேற என்ன பண்றதுன்னு தெரியல அவருக்கு."

கொஞ்சம் தயங்கி, கனகாவைப் பார்த்து, "நீங்க பண்ணுவீங்களாம்ல?" என்றாள்.

"நான் பண்றேம்மா. நாளைக்கு வாங்க" என்றான் பாலன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பிரித்தான். வெளிச் சட்டத்தைக் கழற்றினான். உறிஞ்சு கப்புகளைக் கண்ணாடியில் ஒட்டினான். அந்த மாடலில் கண்ணாடியின் கீழ் இடது மூலையில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் துண்டு ஒன்று இருக்கும். முதலில் அதை மெல்லிய அட்டையை விட்டுப் பிரிக்க வேண்டும். கனகா அதைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் ஒட்டியவள். அவன் பிரிக்கவில்லை. அவனுக்கு அது தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. 'இருங்க' என்று ஒரு சொல் போதும். அவன் கப்புகளைப் பிடித்தான், முழங்காலைக் கொஞ்சம் மடக்கினான். அவள் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். கருப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற மனுசன் ஒரு கணம் நினைவுக்கு வந்தான். அப்போதும் சொல்லவில்லை.

நறுக்கென்று சத்தம் கேட்டது. மூலையிலிருந்து நடுவரைக்கும் விரிசல் ஓடியது.

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. உடம்பெல்லாம் குளிர்ந்த மாதிரி இருந்தது. பாலன் கண்ணாடியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான்.

"மாதேவிம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் இல்லாத நேரத்துல எங்க வீட்டம்மா கை வெச்சுட்டா... ஆமா. வேண்டாம் வேண்டாம்னு சொல்லியிருக்கேன், கேக்கறதில்ல... பேனல் போச்சும்மா."

அரை மணி நேரத்தில் மாதேவி வந்தாள், காலேஜ் சீருடையோடு. நேராகக் கனகாவிடம் வந்து, சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். தெரியாத வேலையில் எதற்குக் கை வைக்கிறாய், உன் கை அழுக, என்றாள். பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாலன் கைகட்டி ஓரமாக நின்றான், வருத்தமான முகத்தோடு.

"நான் ஒடைக்கலீங்க" என்றாள் கனகா. "அவருதான் தூக்குனாரு. ஆனா ஒடையும்னு எனக்குத் தெரியும். டேப்பு ஒட்டியிருந்துது. சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாரு. நான் சொல்லல. ஒடையட்டும்னு பார்த்துட்டு நின்னனுங்க."

மாதேவி கத்துவதை நிறுத்தினாள். அவன் முகத்தையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்தது அவளுக்கு ஓரளவு புரிந்துவிட்டது போலிருந்தது.

"உங்க ரெண்டு பேரு சண்டைக்கு என் டி.வி.தான் கெடச்சுதா?"

மாதேவி ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, விரிசல் விட்ட டி.வி.யைத் தானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

"இனிமே கடைப் படி மிதிக்காத" என்றான் பாலன்.

மிதிக்கவில்லை. அன்றைக்கே வீட்டுக்குப் போய் ஒரு பையில் நாலு சேலையை எடுத்துக்கொண்டாள். சுசித்ரா வருவதற்காக மூன்று மணிவரை காத்திருந்தாள். சுசித்ரா வந்தாள், பையைப் பார்த்தாள், "எங்க?" என்றாள். "நீயும் வர்றியா?" என்றாள் கனகா. "இல்ல." அவ்வளவு சுருக்கமாக முடியும் என்று கனகா எதிர்பார்க்கவில்லை. தொழிற்சாலையில் கூட இருந்த ஸ்ரீதேவி என்பவள் மைசூரிலேயே ஹெப்பாளில் பெண்கள் தங்குகிற ஒரு விடுதியை நடத்திவந்தாள். அங்கே போனாள்.

இரண்டு நாள் கட்டிலைவிட்டு எழவில்லை. மூன்றாம் நாள் கெம்பையனைத் தேடிப் போனாள். இடி விழுந்து போர்டெல்லாம் கருகிப்போன டி.வி.க்கள் அவனிடம் வரும். அவற்றில் பேனல் மட்டும் நன்றாக இருக்கும். மாதேவியின் டி.வி.க்குப் பொருந்துகிற ஒன்று அவன் கிடங்கில் இருந்தது. அதற்குப் பதிலாக அவன் மாமியார் வீட்டு டி.வி.க்குப் பேக்லைட் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டாள். "உங்களால இப்ப முடியுமாக்கா?" என்றான் கெம்பையன். "தெரியல" என்றாள்.

பேனலோடு வந்து நின்ற கனகாவை, கதவைத் திறந்த மாதேவி ஒரு நிமிஷம் உள்ளே விடவில்லை. பிறகு நகர்ந்து நின்றாள். ஒரே அறை. கட்டிலில் மெத்தையை எடுத்துவிட்டுப் பலகைமேல் போர்வையை விரித்து மேசையாக்கிக்கொண்டாள் கனகா. மாதேவியின் புருசன் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதேவி பக்கத்திலேயே காவல் மாதிரி நின்றாள்.

கைகள் நடுங்கத்தான் செய்தன. ஒவ்வொரு தடவை நடுங்கும்போதும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொள்வாள். பிறகு மறுபடி எடுப்பாள். முன்பெல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு அன்று நாலரை மணி நேரம் பிடித்தது. விளக்குப் பட்டைகளை மாற்றி, தாள்களைத் தூசியில்லாமல் அடுக்கி, கண்ணாடியை இறக்கி, ரிப்பன்களை ஒவ்வொன்றாகச் சொருகி, சட்டத்தை அமுக்கி மூடி, ஸ்விட்சைப் போட்டபோது அவள் ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. படம் வந்தது. வலது மேல் மூலையில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மங்கல். வெள்ளைத் தாள் ஒன்று சரியாக உட்காரவில்லை.

"மூலையில கொஞ்சம் மங்கலா இருக்குங்க. திரும்பத் தொறந்து—"

"வேண்டாம். தொறக்க வேண்டாம்" என்றாள் மாதேவி. "ஆயிப்போச்சில்ல? கெளம்புங்க."

மாதேவியின் புருசன் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததால் டி.வி. அலறிக்கொண்டிருந்தது. கனகா பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். மாதேவி கதவைச் சாத்தித் தாழ் போடுகிற சத்தம் அதையும் மீறிக் கேட்டது.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கனகா இப்போது சரஸ்வதிபுரத்தில் ஒரு ரிப்பேர் கடையில் வேலை செய்கிறாள். முதலாளி அதிகம் பேசாதவர். பேனல் வேலை மட்டும் அவளுக்கு. ஒருநாளைக்கு மூன்று, நாலு செய்கிறாள். நடுக்கம் முழுக்கப் போகவில்லை. வரும் என்று தெரிந்தே அதற்கும் நேரம் ஒதுக்கி வேலை செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுசித்ரா முதல்முறையாக விடுதிக்கு வந்தாள். முன்கூட்டிச் சொல்லவில்லை. கனகா ஸ்ரீதேவியின் அடுப்பில் அவசரமாகத் தக்காளி சாதம் கிளறி, முட்டை வறுத்து வைத்தாள். சுசித்ரா உயரமாகியிருந்தாள். நாலு வாய் சாப்பிட்டாள்.

"அப்பா சொல்லச் சொன்னாரு. கடைக்கு நிறைய பேனல் வருதாம். நீ வந்து உக்காரலாமாம். பழசெல்லாம் பேச வேண்டாம்னு சொன்னாரு."

கனகா தண்ணீர் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினாள். "நீ என்ன சொல்ற சுசி?"

"நனகேன் கொத்து?" என்றாள் சுசித்ரா. எனக்கென்ன தெரியும் என்று தோளைக் குலுக்கினாள். "கேட்டு வரச் சொன்னாரு, கேக்கறேன்."

"வர்றதில்லைன்னு சொல்லிடு."

சுசித்ரா தலையாட்டினாள். அப்படியா என்றுகூடக் கேட்கவில்லை. தட்டில் பாதி சாதம் இருந்தபடியே எழுந்து கை கழுவினாள். துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். "அஞ்சு நிமிஷத்துல பஸ்" என்றாள். கனகா பஸ் நிறுத்தம்வரை கூட நடந்தாள். அடுத்த வாரம் வருகிறாயா என்று கேட்க நினைத்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள். பஸ் வந்தது. சுசித்ரா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, உடனே போனை எடுத்து யாருக்கோ பேசத் தொடங்கினாள். "ஆ அப்பா, கேட்டேன்" என்று சொன்னது மட்டும் கனகாவுக்குக் கேட்டது. பிறகு பஸ் நகர்ந்துவிட்டது.

திரும்பி வந்து, மீதிச் சாதத்தை நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.